இன்று மாளிகை மூடல்!

பள்ளி விடுமுறை வந்தால் பாங்காக் போய் வரும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பணப்பை பத்திரம், கடப்பிதழ் பத்திரம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பையைத் தொடாமலேயே பணம் பறிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

அரச மாளிகையின் வெளிச்சுவர் மிக நீளமானது. நுழைவாயிலைத் தேடி அதன் ஓரமாக நடந்து வரும் குடும்பத்தை, நேர்த்தியாக உடுத்திய ஒருவர் புன்னகையோடு நிறுத்துகிறார். "இன்று புத்த சமயத் திருநாள். மாளிகை பிற்பகலில்தான் திறக்கும்" என்கிறார். பிள்ளைகளின் முகம் வாடுகிறது. உடனே அவரே வரைபடத்தில் இரண்டு மூன்று கோயில்களை வட்டமிட்டுக் காட்டி, ஒரு டுக் டுக் வண்டியையும் அழைத்துக் கொடுக்கிறார். சுற்றிக் காட்ட மொத்தமே 20 பாட்! பெட்ரோலுக்கே அது போதாது. ஆனால் மலிவு என்றால் நமக்குச் சந்தேகம் வருவதில்லையே.

முதல் கோயிலில் அவ்வளவாகக் கூட்டம் இருக்காது. தற்செயலாக வந்தவர்போல் இன்னொருவர் பேச்சுக் கொடுப்பார். அரசாங்கச் சலுகை விலையில் நீலக்கல் வாங்கினாராம்; ஊரில் விற்றால் இரட்டிப்பு லாபமாம்; சலுகை இன்றோடு முடிகிறதாம். இந்த இரண்டாவது ஆள்தான் மோசடியின் உயிர்நாடி. ஒருவர் சொன்னால் யோசிப்போம். ஒருவரையொருவர் அறியாத இருவர் சொன்னால் நம்பிவிடுகிறோம். அடுத்து வண்டி நிற்பது நகைக்கடை வாசலில். ஆளைக் கொண்டுவந்து விட்டதற்கு ஓட்டுநருக்கு அங்கே பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைக்கும்.

கல் பல சமயம் அசல்தான். தரம் மட்டம், விலையோ பல மடங்கு. விரும்பித்தானே வாங்கினீர்கள் என்று கடைக்காரர் கேட்டால் பதில் சொல்வது சிரமம். கல்லைத் தபாலில் ஊருக்கே அனுப்பி வைப்பதாகச் சொல்வதும் உதவியல்ல. கையில் கல் இல்லாதவர் அதை வேறு கடையில் காட்டி விசாரிக்க முடியாது. (அந்த மாளிகையிலுள்ள மரகத புத்தர் சிலையே மரகதம் அல்ல, வேறொரு பச்சைக் கல் என்பது தனிக் கதை.)

மாளிகை பொதுவாக எல்லா நாளும் காலை 8.30க்குத் திறக்கும். அரச சடங்குகளுக்காக மூடுவதும் உண்டு. அதை நுழைவாயில் வரை நடந்து போய்ச் சீருடைக் காவலரிடம்தான் கேட்க வேண்டும்.

ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வெட்கப்பட்டு விடுதி அறைக்குள் முடங்கிவிடுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகு பணத்தை மீட்பது கடினம். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றே 1155 என்ற எண்ணில் சுற்றுப்பயணிகள் போலீசை அழைக்கலாம். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கிக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.