பாத்திரம் இருக்கும் இடம்

அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தை எங்கே வைக்கிறீர்கள்? பல வீடுகளில் தரையில்தான். சுற்றி உட்கார்ந்து சாப்பிட அதுதான் வசதி. அதே தரையில்தான் பத்து மாதக் குழந்தையும் தவழ்கிறது.

ஐந்து வயதுக்குள் சூடுபட்டு மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு நெருப்பே பட்டிருக்காது. குழம்போ டீயோ வெந்நீரோ கொட்டியிருக்கும். 60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலையே சில நொடிகளில் பொசுக்கிவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. "துறுதுறுன்னு இருப்பான், கண் மூடித் திறக்கறதுக்குள்ள இழுத்துட்டான்" என்பார்கள். தவழ்கிற பிள்ளை துறுதுறுவென்றுதான் இருக்கும்! மேலே இருக்க வேண்டியது பாத்திரம். மேசை விரிப்பின் நுனியும் கெட்டிலின் வயரும் கைக்கு எட்டும்படி தொங்கக் கூடாது. இடுப்பில் பிள்ளையோடு காபி குடிப்பதையும் விட்டுவிடுங்கள்.

பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். அழுகிற பிள்ளையோடு அது நெடுநேரம்தான், ஆனாலும் குறைக்காதீர்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், இட்லி மாவு எதையும் பூசாதீர்கள். மருத்துவர் முதலில் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி அழைத்துப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்தது வாளி. தண்ணீர் எப்போது வருமென்று தெரியாத ஊரில் வாளியைக் காலியாக வையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூடி வையுங்கள், குளியலறைக் கதவை வெளியே தாழிடுங்கள். சின்னப் பிள்ளைக்குத் தலைதான் கனம். குப்புற விழுந்தால் நிமிர முடியாது, சத்தமும் கேட்காது.

மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. குடித்துவிட்ட பிள்ளைக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வெளியே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கடைசியாக, பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி. காசை விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருப்பார்களே, அந்த வைத்தியம் இதற்கு ஆகாது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்தில் அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே, அந்த நிமிடமே கிளம்பி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.