காருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?



ஓட்டு வீட்டில் மழை ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடு உடைந்தது ஓரிடம். தண்ணீர் சொட்டுவது வேறிடம். உள்ளே நுழைந்த தண்ணீர் மரச்சட்டத்தின் மேல் ஓடுகிறது. தாழ்ந்த இடத்துக்கு வந்து சொட்டுகிறது. பழைய காரும் அப்படித்தான். ஈரம் இருக்கும் இடம் வேறு. ஓட்டை இருக்கும் இடம் வேறு.

கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சியை எடுத்துக்கொள்வோம். அது அம்பாசிடர் கார். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் அது தயாரானது. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் இன்று ஓடும் அம்பாசிடர் எல்லாமே பழைய வண்டிதான். கொல்கத்தாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல மழை. மழையில் நின்ற பழைய வண்டியில் காலடி விரிப்பு நனைந்துபோவது உண்டு.

விரிப்பைத் துடைத்தால் போதாதா? போதாது. விரிப்பின் அடியில் ஈரம் தங்கும். இரும்புத் தரை துருப்பிடிக்கும். துரு நாளடைவில் ஓட்டையாகும். அந்த ஓட்டை வழியாக வண்டிப் புகை உள்ளே வரலாம். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது உயிரையே பறிக்கும். ஈரத்தால் மின்கம்பிகளும் கெடும்.

முதலில் அது என்ன தண்ணீர் என்று பாருங்கள்.

மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் அது மழைத்தண்ணீர். மழையே இல்லை, ஏ.சி. போட்டால் நனைகிறதா? ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். ஹீட்டர் உள்ள வண்டியில், தண்ணீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கிறதா? அது ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். அது விஷம். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மழைத்தண்ணீர் என்றால் நீங்களே தேடலாம். இருவர் வேண்டும்.

விரிப்புகளை எடுத்துவிடுங்கள். தரையை நன்றாகக் காயவிடுங்கள். பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். ஈரம் பட்ட இடம் அதில் உடனே தெரியும். ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் வெளியே நின்று குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். வேகமாக அடிக்கக் கூடாது.

கீழேயிருந்து தொடங்குங்கள். முதலில் கதவின் அடிப்பக்கம். பிறகு கதவு ஜன்னல். அதன் பிறகு முன்கண்ணாடி. கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடம் விடுங்கள். மேலே தொடங்கினால் தண்ணீர் கீழே வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும். ஓட்டை எது என்று தெரியாது. உள்ளே ஈரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அந்த ஈரத்தின் தடத்தைப் பிடித்து மேல்நோக்கிப் பாருங்கள்.

பெரும்பாலும் எங்கே கோளாறு இருக்கும்?

முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெயிலில் வெடித்திருக்கும். கதவு ரப்பர் தேய்ந்திருக்கும். டிக்கி நனைந்தால் பின்விளக்கின் ரப்பரைப் பாருங்கள். தரையில் உள்ள ரப்பர் மூடி விழுந்திருந்தால் சாலைத் தண்ணீர் உள்ளே தெறிக்கும்.

இன்னொன்றும் உண்டு. மழைத்தண்ணீர் ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. மண்ணும் இலையும் அவற்றை அடைத்தால் தண்ணீர் கதவுக்குள் தேங்கும். பிறகு வண்டிக்குள் வழியும். ஒரு குச்சியால் மண்ணை எடுத்தால் போதும். காசு செலவே இல்லை.

காரணம் தெரியாமல் கண்ட இடத்தில் பசை பூசாதீர்கள். வெளியேறும் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். துரு இன்னும் வேகமாகப் பரவும். தரையில் துரு ஓட்டை இருந்தால் பசையும் துணியும் வைத்து மூடாதீர்கள். இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

டாக்சி ஓட்டுபவருக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றுவிடும். ஆகவே மழைக்காலம் வரும் முன்பே ஒரு நாள் காலையில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தண்ணீர் நுழையும் வழியைக் கண்டுபிடியுங்கள். பிறகு அடையுங்கள்.