மொத்தம் சரி, சில்லறை வேறு

(குடியரசு தின விழாவில் பேசியது)

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் பி.காம்., அறிவியல் படித்தவன் அல்ல. பேரனின் பள்ளி ப்ராஜெக்டுக்காகப் படிக்க ஆரம்பித்தேன். அவன் முடித்த பிறகும் என்னால் விட முடியவில்லை.

கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் மிதக்கின்றன. தாவர மிதவை உயிரிகள் என்பார்கள். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் கணக்கு. துருவக் கடல்களில் பனி விலகி வெயில் படும் சில மாதங்கள்தான் இவற்றுக்கு வெள்ளாமைக் காலம்.

இப்போது ஆர்க்டிக்கில் பனி குறைந்து வெயில் கூடிவிட்டது. 1998 முதல் 2018 வரை அங்கே நுண்பாசி உற்பத்தி 57 சதவீதம் உயர்ந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். லாபம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன், மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டான். எந்த நோட்டு எத்தனை என்று பார்ப்பான்.

கனடாவுக்கு வடக்கே உள்ள கடலில், 2004க்கும் 2008க்கும் இடையே சற்றுப் பெரிய பாசிகள் குறைந்து, மிகச் சிறியவை பெருகியிருந்தன. காரணம் நன்னீர். உருகிய பனியின் நீர் எடை குறைவு. உப்புநீர் மேல் மூடி போட்ட மாதிரி நிற்கிறது. அடியில் உள்ள நைட்ரேட் மேலே வருவதில்லை. அந்தப் பஞ்சத்தில் குடித்தனம் நடத்தச் சின்ன உடம்புக்குத்தான் முடியும்.

அண்டார்டிகாவின் மேற்குத் தீபகற்பத்திலும் இதே போக்கு. அங்கே கண்ணாடி போன்ற ஓடுள்ள டயட்டம்தான் முக்கியமான தீனி. பனியாறு உருகிக் கலக்கும் இடங்களில் கிரிப்டோபைட் என்ற சின்னப் பாசி தலையெடுக்கிறது. இறால் இனத்தைப் போன்ற கிரில், முன்கால்களையே சல்லடையாக்கி மேயும். நம் வீட்டுச் சல்லடையில் ரவை நிற்கும், மைதா இறங்கிவிடும் அல்லவா? அப்படித்தான் கிரிப்டோபைட்டும் பெரும்பாலும் நழுவிவிடுகிறது. கிரிலை நம்பி அங்கே பெங்குவின், சீல், திமிங்கிலம் எல்லாம் காத்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. டயட்டம் கனமானது. செத்தால் மூழ்கும், காற்றிலிருந்து எடுத்த கரியையும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். அது ஃபிக்சட் டெபாசிட். சின்னப் பாசிகளின் கரி பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே செலவாகிக் காற்றுக்குத் திரும்பிவிடும். அது சேவிங்ஸ் அக்கவுண்ட். போட்டதும் எடுத்ததும் தெரியாது.

பேரனுக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண். வரைந்த கிரிலுக்குக் கால் குறைகிறதாம்.