திரைமொழியின் அரிச்சுவடி



இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவித்துவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். திரைப்படமும் ஒரு மொழியே. அதற்கும் எழுத்துண்டு, இலக்கணமுண்டு. அதைப் படிக்கத் தெரியாதவர், பிறர் எழுதிய பத்திரத்தில் கைநாட்டு வைப்பவரை ஒப்பர்.

நாம் சிறுவராயிருந்தபோது, ஊர்க் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து ஒரு படம் பார்த்தோம். பண்ணையாள் ஒருவன் உதைபடும் காட்சி வந்தது. கொட்டகை முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். அருகிலிருந்த எம் தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் பண்ணையாளாய் உழைத்தவரே. அன்று நாம் ஏன் சிரித்தோம் என்பது, திரைமொழியின் அரிச்சுவடியைக் கற்ற பின்னரே எமக்கு விளங்கிற்று.

முதற்கண் சட்டகம். வினாடிக்கு 24 படங்கள் ஓடும்போது நம் கண்ணுக்கு அசைவு தோன்றுகிறது. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு சட்டகம். அது வீட்டுச் சாளரம் போன்றது. எதைக் காட்டுவது என்பதோடு எதை மறைப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

அடுத்தது ஷாட். வெட்டின்றித் தொடர்ந்து ஓடும் ஒரு துண்டே ஷாட். ஓரிடத்தில் ஒரு பொழுதில் நிகழும் ஷாட்டுகள் சேர்ந்து காட்சியாகின்றன. பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் 1895-ஆம் ஆண்டில் லியோன் நகரில் எடுத்த படமொன்று ஒரே ஷாட்டால் ஆனது. ஒரு நிமிடத்திற்கும் குறைந்தது. தொழிலாளர் ஆலையினின்று வெளியேறுகின்றனர், அவ்வளவே. ஆலையும் அச்சகோதரர் குடும்பத்தினுடையது, காமிராவும் அவர்களுடையது. ஆகவே, திரையில் தோன்றியோர் தொழிலாளர். எங்கிருந்து பார்ப்பது என முடிவு செய்தோர் முதலாளிகள்.

மூன்றாவது தொலைவும் கோணமும். க்ளோசப் எனப்படும் அண்மைக் காட்சி ஒருவர் முகத்தருகே நம்மை அழைத்துச் சென்று, அவர் உள்ளத்தை நமதாக்குகிறது. தொலைவுக் காட்சி மனிதரைச் சூழலுக்குள் ஒரு சிறு உருவமாக்குகிறது. மேலிருந்து நோக்கும் கோணம் பெரும்பாலும் ஒருவரைச் சிறுமைப்படுத்தும். கீழிருந்து நோக்குவது உயர்த்திக் காட்டும். அன்று எம் ஊர்க் கொட்டகையில் அண்மைக் காட்சி பண்ணையாருக்கே கிடைத்தது. பண்ணையாளை நாம் மேலிருந்தே பார்த்தோம். எம் தந்தையாரைப் பண்ணையாரின் கண்ணால் பார்த்துச் சிரித்திருக்கிறோம்!

நான்காவது படத்தொகுப்பு. தனித்தனித் துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுப் பொருளை விளைவிக்கும் கலை இது. இதில் வல்லவரான அமெரிக்க இயக்குநர் கிரிஃபித், 1915-இல் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படத்தை வெளியிட்டார். ஆபத்தில் சிக்கிய வெள்ளையரையும், அவர்களை மீட்கக் குதிரையில் விரையும் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். கறுப்பின மக்களைக் கொன்ற கொடிய கூட்டம் அது. ஆயினும் 'விரைந்து வாரீர்' என்று பார்ப்போர் நெஞ்சு துடித்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் எதிர்த்துப் போராடியது. மறைந்துபோயிருந்த அக்கூட்டமோ அதே ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றது. தொழில்நுட்பம் சிறந்திருப்பதனாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அடிமைகளாயிருந்த பெற்றோர்க்குப் பிறந்த ஆஸ்கர் மிஷோ, அதே கருவியைத் தம் கையில் எடுத்தார். 1920-இல் வெளியான 'நம் வாயில்களுக்குள்' என்ற படத்தில், கறுப்பினக் குடும்பத்தைக் கூட்டமாய்ச் சேர்ந்து தூக்கிலிடும் கொடுமையைக் காட்டினார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்காகப் பொருள் திரட்டும் ஆசிரியையே அப்படத்தின் நாயகி. பல்லாண்டு தொலைந்துபோயிருந்த அப்படத்தின் பிரதி ஸ்பெயின் நாட்டில் கண்டெடுக்கப்பட்டது.

இறுதியாகக் காட்சியமைப்பு. இடம், ஒளி, உடை, பொருள்கள், நடிகர் நிற்கும் நிலை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். நாகராஜ் மஞ்சுளே இயக்கிய 'ஃபன்றி' என்னும் மராத்திப் படத்தை (2013) எடுத்துக்கொள்வோம். பிடிபட்ட பன்றியைக் கழியில் கட்டி ஒரு குடும்பம் சுமந்து செல்கிறது. பின்னால் பள்ளிச் சுவரில் அண்ணல் அம்பேத்கர், சாவித்திரிபாய் பூலே முதலியோரின் உருவங்கள். ஒரு சொல்லும் வேண்டியதில்லை, சுவரே பேசுகிறது. முடிவில், ஊராரின் ஏளனம் பொறாத சிறுவன் எறியும் கல் காமிராவை நோக்கி வருகிறது. காமிரா இருக்கும் இடத்திலன்றோ நாம் அமர்ந்திருக்கிறோம்? சிரித்து வேடிக்கை பார்த்தவர் யாவரையும் நோக்கி வரும் கல் அது. எமக்கும் அதில் பங்குண்டு என்றே உணர்ந்தோம்.

இளைஞர்களே! படம் பார்க்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காமிரா யார் பக்கம் நிற்கிறது? அண்மைக் காட்சி யாருக்குக் கிடைக்கிறது? சட்டகத்திற்கு வெளியே தள்ளப்பட்டவர் யார்? இன்று உங்கள் கைப்பேசியிலேயே காமிரா உள்ளது. படிக்கக் கற்றவர் ஒருநாள் எழுதவும் வேண்டுமன்றோ? எம் தந்தையார் சிரிக்காத அந்தக் காட்சியை, அவர் பக்கம் நின்று உங்களில் ஒருவர் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதே எமது அவா.