வாடகை வருவாய்க்கு ஒரு முதல் வீடு



வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவும் நிலத்தை நம்பி வாழ்ந்தவை. அடுத்த தலைமுறையினர் ஆசிரியராகவும் அரசு அலுவலராகவும் பொறியாளராகவும் வெளியூர் சென்றபின், ஊரில் நிற்கும் நஞ்சையை விற்றுச் சென்னைப் புறநகரில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமே என்னும் எண்ணம் பல இல்லங்களில் எழுகிறது. ஓய்வு பெறுங்கால் கைக்கு வரும் பணிக்கொடையை இவ்வாறே முடக்க முனைவோரும் உண்டு. விற்ற நிலம் பெரும்பாலும் மீண்டும் கிடைப்பதில்லை. ஆதலின் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

புறநகரில் பழைய வீடொன்று 40 இலட்சம் ரூபாய்க்கு வருகிறது என்று கொள்ளலாம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 3,60,000 ரூபாய் ஆகும். வண்ணம் பூசுதல், மின்கம்பி மாற்றுதல் முதலியவற்றுக்கு 1,40,000 என்றால், முதலீடு 45 இலட்சமாகிறது. மாத வாடகை 12,000 எனில் ஆண்டுக்கு 1,44,000. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று கொண்டால் 1,32,000. சொத்து வரிக்கும் மோட்டார், குழாய்ப் பழுதுகளுக்கும் 16,000 கழித்தால் எஞ்சுவது 1,16,000. முதலீட்டில் இது நூற்றுக்கு இரண்டரை ரூபாயைச் சற்றே தாண்டும். அறுபது வயது நிறைந்தோருக்கான அஞ்சலகச் சேமிப்புத் திட்டமோ 2025ஆம் ஆண்டில் 8.2 விழுக்காடு வட்டி அளித்தது. வீட்டின் விலை ஏறுமே என்பர். ஏறலாம், ஆயினும் விற்கும் நாள் வரை அந்த ஏற்றத்தைக் கொண்டு மருந்துச் செலவைச் சரிக்கட்ட இயலாது.

கடன் வாங்கி வீடு வாங்குவோரின் நிலை இன்னும் இறுக்கமானது. 25 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 22,500. வாடகை 12,000 போக, மாதந்தோறும் பத்தாயிரத்துக்கு மேல் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். சம்பளத்திலுள்ள இளைஞர் இதனைத் தாங்கலாம். ஓய்வூதியர் தாங்குவது அரிது.

ஆதலின் முதல் முயற்சிக்கு ஏற்ற இடம் பெரும்பாலும் புதிதாக வாங்கும் இடமன்று. ஏற்கெனவே கையிலுள்ள மனையே. செய்யாறு சிப்காட் வளாகத்தின் காலணித் தொழிற்சாலையிலும், ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதி ஆலைகளிலும் பணிபுரிவோர் சிறு வீடுகளைத் தேடுகின்றனர். இத்தகைய ஊர்களுக்கு அருகே பரம்பரை நத்தம் மனை உடையவர், 300 சதுர அடியில் மூன்று குடித்தனங்கள் கட்டுவதாகக் கொள்ளலாம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 18 இலட்சம் ஆகும். குடித்தனத்துக்கு 4,000 வீதம் வாடகை அதே 12,000. மனையின் மதிப்பையும் சேர்த்தால் விழுக்காடு குறையும் என்பது மெய்யே. ஆனால் அது நேற்றுவரை முள்மண்டிக் கிடந்த மனை. மேலும், மூன்றில் ஒன்று காலியானாலும் மற்ற இரண்டில் வருவாய் நிற்காது.

இங்கேதான் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. பரம்பரை மனை பெரும்பாலும் பாட்டனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருக்கும். அண்ணன் தம்பியர் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் அனுபவித்து வருவர். இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்குச் சம உரிமை அளித்துள்ளன. சகோதரிகளுக்குத் திருமணத்தின்போது சீர் செய்தாயிற்று என்று கூறி அவர்களை ஒதுக்கிவிட்டு அஸ்திவாரம் தோண்டுவது அறமும் அன்று, அறிவுடைமையும் அன்று. பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ, அவர்கள் மனமுவந்து எழுதித்தரும் விடுதலைப் பத்திரமோ கைக்கு வந்தபின்னரே கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தல் நன்று. பங்குக்குரிய தொகையைக் கொடுத்து முடிப்பதும் கட்டடச் செலவில் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும். வெளியாரிடம் மனை வாங்குவோர் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.

யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதையும் கட்டும் முன்பே குடும்பத்தார் கூடி முடிவு செய்ய வேண்டும். புலால் உண்ணாதோர்க்கே விடுவதென்றால், தொழிற்சாலை ஊர்களில் வீடு அதிக நாள் காலியாக இருக்கும். அந்த இழப்பைக் கணக்கில் ஏற்றுக்கொள்வோர் ஏற்கலாம். ஆனால் முன்பணம் வாங்கிய பிறகு அதனை ஒரு நிபந்தனையாகச் சொல்வது முறையன்று. கடை கட்டுவோரிடம் இறைச்சிக் கடைக்காரரும் மதுக்கூடத்தாரும் கூடுதல் வாடகை தர முன்வரக்கூடும். கொல்லாமை நோன்புடைய இல்லறத்தார் அதனை ஏற்க மாட்டார் என்பதால், அத்தகைய வாடகையை எதிர்பார்த்துக் கடன் வாங்குதல் கூடாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில் நிலமும் வீடும் முதற்கண் எண்ணப்படுகின்றன. எத்தனை வீடு போதும் என்று வரையறை செய்துகொண்டவர், ஒன்றை நன்கு பராமரிப்பதில் கருத்தைச் செலுத்த இயலும்.

குடிவைத்த பின் சட்டப்படி நடத்தல் எளிதே. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழைய சென்னை வழக்கத்துக்கு மாறாக, மூன்று மாத வாடகையே அச்சட்டம் குறிக்கும் அளவு. அத்தொகையைச் செலவழித்துவிட்டு, குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் தேடி அலைவோர் பலர். தனி வங்கிக் கணக்கில் அதனை வைத்தல் நலம்.

வேளாண் வருமானத்துக்கு வருமான வரி இல்லை, வாடகைக்கு உண்டு. செலுத்திய சொத்து வரியைக் கழித்தபின் எஞ்சும் தொகையில், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், 30 விழுக்காடு கழிவு கிடைக்கும். சொத்து வரியைத் தாமே கட்டி, அதன் இரசீதை வாடகை ஒப்பந்தத்தோடு ஒரே கோப்பில் வைத்திருப்பவர்க்கு ஆண்டுக் கணக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.