வாக்குரிமை வளர்ந்த வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன், பொதுத் தேர்தலுக்கு முந்தின நாள் மாலை, நமது தோட்டத்துக் கோயில் திடலில் ஒரு மூதாட்டி நம்மைத் தனியே அழைத்தார். பால்மரம் வெட்டிக் கைகள் காய்த்துப் போனவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, நாளைக்கு நான் யாருக்குப் போடுறேன்னு தண்டலுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டார்.

"தெரியாதம்மா" என்றோம்.

"கிராணிக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"சத்தியமாவா?"

சத்தியம் என்றோம். ஆயினும் அவர் முகத்தில் ஐயம் முழுதும் தீரவில்லை.

நேயர்களே, எழுதப் படிக்கத் தெரியாதவரின் கேள்விதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. உலகத்தின் பல நாடுகளில், பல தலைமுறை மக்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வாக்குரிமையின் வரலாறு என்றால் யாருக்கு எப்போது வாக்குக் கிடைத்தது என்ற கணக்கை மட்டும் பலரும் சொல்வார்கள். அதனோடு இன்னொரு கணக்கும் உண்டு. கிடைத்த வாக்கை அஞ்சாமல் இட முடிந்ததா? இவ்விரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு இன்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரம். கி.மு. 508ஆம் ஆண்டளவில் கிளைசுதெனிசு என்பவர் செய்த சீர்திருத்தங்களே அங்கு மக்களாட்சிக்கு வழிகோலின. பினிக்சு என்னும் குன்றில் குடிமக்கள் கூடுவார்கள், பேசுவார்கள், கைதூக்கி முடிவு செய்வார்கள். முக்கியமான சில முடிவுகளுக்கு 6,000 பேர் கூடியிருக்க வேண்டும் என்பது விதி. கேட்கவே பெருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தக் குன்றில் பெண்களுக்கு இடமில்லை; அடிமைகளுக்கு இடமில்லை; பிற ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை.

கைதூக்கும் முறையிலும் ஒரு குறை உண்டு. அதை நாம் நமது வகுப்பறையிலேயே கண்டோம். வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, "யாருக்கு எத்தனை கை?" என்று கேட்டபோது, உயரமும் உரத்த குரலும் உடைய ஒரு மாணவனுக்கே எல்லாக் கைகளும் எழுந்தன. அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளிடம் சிறு சீட்டுகளைக் கொடுத்து எழுதச் சொன்னோம். கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு மாணவி வென்றாள்! பிள்ளைகளின் மனம் மாறிவிட்டதா, அல்லது முந்தின ஆண்டு பக்கத்தில் இருந்தவனின் பார்வைக்கு அஞ்சினார்களா? நேயர்களே நீங்களே முடிவு செய்து கொள்ளலாம்.

ஏதென்சு மக்களும் இதை அறிந்தே இருந்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர்களுடைய நீதிமன்றங்களில், தீர்ப்புக் கூறுவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வெண்கல வில்லைகள் தரப்பட்டன. ஒன்றின் நடுத்தண்டு துளையுடையது. மற்றொன்றின் தண்டு துளையற்றது. தண்டின் இரு முனைகளையும் விரலால் மூடிக்கொண்டு போட்டால், எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் தமிழ் நேயர்களுக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். சூது நடக்கக் கூடாது என்பதில் எத்தனை கவனம்! முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது என்றும் விதித்தார்கள். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது திருவுளச்சீட்டு, மக்கள் வாக்களித்த தேர்தலன்று. சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரை வயதும், வேதக் கல்வியும் உடையோர் பெயர்களே குடத்துக்குள் போயின. நிலமில்லாத உழவனின் பெயர் அதில் இல்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். நமது நாட்டு நாடாளுமன்ற முறை அங்கிருந்து வந்ததாகையால், அதன் கதையைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

1430ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்டத் தொகுதிகளில் ஆண்டுக்கு 40 சில்லிங் வருமானம் தரும் நிலம் உடையவருக்கே வாக்கு. அந்த விதி நானூறு ஆண்டுகள் நின்றது. இதற்கிடையில் ஆலைகள் எழுந்தன, நகரங்கள் பெருகின, தொகுதிகளோ மாறவில்லை. மான்செசுட்டர் என்னும் பெரிய ஆலை நகரத்துக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. மக்கள் குடிபெயர்ந்து வெறும் மேடாகிப்போன பழைய சாரம் என்ற இடத்துக்கோ இரண்டு உறுப்பினர்கள்! 1819ஆம் ஆண்டு ஆகசுட்டு 16ஆம் நாள் மான்செசுட்டரில் சுமார் 60,000 பேர் கூடி உரிமை கேட்டார்கள். குதிரைப் படை கூட்டத்துக்குள் வாளோடு புகுந்தது. பதினைந்து பேரளவில் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். 1832இல் வந்த சீர்திருத்தச் சட்டம் பழைய சாரம் போன்ற தொகுதிகளை ஒழித்தது. ஆயினும் வயது வந்த ஆடவர் ஐவரில் ஒருவருக்கே வாக்குக் கிடைத்தது.

வாக்குப் பெற்ற அந்த ஒருவராவது விரும்பியபடி வாக்களித்தாரா? அதுதான் இல்லை. மேடையின் முன் நின்று, தமது வாக்கு யாருக்கு என்பதை எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதை ஏட்டில் பதிவார். அந்த ஏட்டைப் பல ஊர்களில் அச்சிட்டு விற்கவும் செய்தார்கள். குத்தகைக்காரன் யாருக்குப் போட்டான் என்பதை நிலக்கிழார் தம் வீட்டில் இருந்தபடியே படித்துத் தெரிந்து கொள்ளலாம். எதிராகப் போட்டவன் நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்ததும் உண்டு. சோறு போடுகிறவரின் கண்முன்னே இடும் வாக்கு எப்படி இடுபவனுடையதாகும்?

இதை உணர்ந்தவர்கள் உழைப்பாளிகளே. 1838இல் 'மக்கள் சாசனம்' என்ற ஒன்றை வெளியிட்டு ஆறு கோரிக்கைகளை வைத்தார்கள். ஆடவர் அனைவருக்கும் வாக்கு, மறைவான வாக்களிப்பு, உறுப்பினராவதற்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல் என்பனவே அவை. 1842இல் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. எனினும், கடைசிக் கோரிக்கை ஒன்று தவிர மற்ற ஐந்தும் பிற்காலத்தில் சட்டமாயின. தள்ளப்பட்ட மனுவெல்லாம் தோற்ற மனு அன்று.

மறைவு வாக்கை எதிர்த்தவர்களில் அறிஞர்களும் இருந்தார்கள். பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று வாதாடிய சான் சுடூவர்ட் மில் அவர்களே இதை எதிர்த்தார். வாக்கு என்பது பொதுநலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, அதை ஊரறியச் செலுத்துவதே முறை என்பது அவர் வாதம். நல்ல வாதந்தான்; ஆனால் பிறரிடம் கைகட்டி நிற்காதவருக்கே அது பொருந்தும்.

வழிகாட்டியது ஆசுதிரேலியா. 1856இல் விக்டோரியா, தென் ஆசுதிரேலியா ஆகிய குடியேற்றங்கள் மறைவு வாக்கைச் சட்டமாக்கின. இங்கிலாந்து 1872இல் பின்பற்றியது. அவ்வாண்டு ஆகசுட்டு 15ஆம் நாள் பாண்டிபிராக்டு என்னும் ஊரில் நடந்த இடைத்தேர்தலே அச்சட்டப்படி நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. வாக்குப் பெட்டிக்கு அரக்கு முத்திரை இட, மிட்டாய் ஆலையின் அச்சையே எடுத்துக் கொண்டார்கள்!

பெண்களின் கதையோ இன்னும் நீண்டது. 1893இல் கேட்டு செப்பர்டு அம்மையார் முன்னின்ற இயக்கம் ஏறத்தாழ 32,000 கையொப்பங்களைத் திரட்டியது. அவ்வாண்டே நியூசிலாந்து பெண்களுக்கு வாக்களித்தது. தன்னாட்சி நாடுகளில் அதுவே முதல். இங்கிலாந்தில் 1918இல் முப்பது வயது கடந்த, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கே வாக்கு வந்தது. ஆணுக்குச் சமமாக 21 வயதில் வாக்குப் பெற 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நமது மலாயாவில் முதல் கூட்டரசுத் தேர்தல் 1955ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் நடந்தது. 52 இடங்களில் கூட்டணிக் கட்சி 51ஐ வென்றது. ஆனால் பதிந்த வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. காடழித்து மரம் நட்ட கைகள் பல, குடியுரிமை இன்றி ஒதுங்கி நின்றன. 1957இல் விடுதலையோடு குடியுரிமையின் கதவு அகன்றது. பின்னர் 2019இல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. தகுதியுடைய குடிமக்கள் தாமாகவே பட்டியலில் சேர்ந்தனர். 2018இல் ஒரு கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 பொதுத் தேர்தலில் இரண்டு கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது.

எண்ணிக்கை பெருகியது மகிழ்ச்சியே. ஆனால் மறைவைக் காப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. யாருக்குப் போட்டாய் என்று மிரட்டிக் கேட்பது பிழை. சீட்டைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டச் சொல்வதும் பிழை. அது பழைய இங்கிலாந்தின் ஏட்டை மீண்டும் திறப்பதாகும். பெற்றோர் பிள்ளையிடமும், கணவர் மனைவியிடமும் ஆலோசனை சொல்லலாம், ஆணையிடலாகாது.

அந்த மூதாட்டியை மறுநாள் வாக்குச் சாவடிக்கு வெளியே கண்டோம். விரலில் மை இருந்தது. "என்னம்மா, பயம் போச்சா?" என்று கேட்டோம்.

"அந்தத் தடுப்புக்குள்ள நான் ஒருத்திதான் இருந்தேன், வாத்தியாரே. எட்டிப் பார்க்க ஒருத்தருமில்ல" என்றார்.

"யாருக்குப் போட்டீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டோம்.

அவர் சிரித்தார். "அத மட்டும் கேக்காதீங்க!" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பாடம் நடத்தப் போன நாம் பாடம் கற்றுத் திரும்பினோம்.