சொல்ல விடாத மூணாவது வரி

லூக்கா 15-ல இளைய குமாரன் அப்பாகிட்ட சொல்ல மூணு விஷயம் யோசிச்சு வைக்கிறான்: பாவம் செஞ்சேன்; மகன்னு சொல்லிக்கத் தகுதியில்லை; கூலிக்காரனா வெச்சுக்கோங்க. 21-ம் வசனத்தைக் கவனிங்க. முதல் ரெண்டைத்தான் சொல்றான். மூணாவது வர்றதுக்குள்ள அப்பா வஸ்திரம், மோதிரம், பாதரட்சை எல்லாம் கொண்டுவரச் சொல்லிடறார்.

நான் ஐ.டி.ல வேலை செய்றேன். வருஷா வருஷம் அப்ரைசல். நம்மில் பலர் ஜெபத்துக்கும் அதே பயத்தோடதான் போறோம்: பைபிள் வாசிச்சேனா, சர்ச்சுக்குப் போனேனா, கேட்க முகம் இருக்கா? கூலிக்காரனுக்கு வேலை போனா உறவும் போச்சு. மகனுக்கு அப்படியில்லை. அந்தப் பையன் கேட்டது வேலை. அப்பா கொடுத்தது வீடு.

இந்த வாரம் கணக்கு ஒப்பிக்காம, 'அப்பா'ன்னு ஜெபத்தை ஆரம்பிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.